காலி செய்த வீட்டின் கரண்ட் பில்

தில்லியில் வாடகைக்கு இருக்கும் நம்மவர்கள் வீடு மாறும்போது பால் கணக்கு, பேப்பர் கணக்கு, கேஸ் மாற்றம், குழந்தைகளின் பள்ளி பஸ் என்று எல்லாவற்றையும் ஒழுங்காக முடித்துவிடுகிறார்கள். மின்சாரக் கணக்கு மட்டும் தொங்கலில் நின்றுவிடுகிறது. "கடைசி பில் வந்ததும் சொல்லுங்கள், அனுப்பிவிடுகிறேன்" என்று வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு டெம்போவில் சாமான்களோடு ஏறிவிடுகிறோம். இரண்டு மூன்று மாதம் கழித்து ஒரு தொகை வந்து சேர்கிறது. அட்வான்ஸ் பணம் அவர் கையில். பில்லும் அவர் பெயரில். மீட்டரும் அவர் வீட்டில். நாம் எங்கோ துவாரகாவிலோ நொய்டாவிலோ, மாற்றலாகிப் போயிருந்தால் கோயம்புத்தூரிலோ உட்கார்ந்துகொண்டு எதை வைத்து வாதாடுவது?

2022-ல் எனக்கே இப்படி ஒரு பில் வந்து, ஏறக்குறைய நான்கு மாதம் அதன் பின்னால் அலைய நேர்ந்தது. அதற்குப் பிறகு சங்கத்து அன்பர்கள் சிலருக்கும் இந்த விஷயத்தில் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சட்டத்தில் இருப்பதையும் அனுபவத்தில் தெரிந்ததையும் சேர்த்து இங்கே தருகிறேன். எந்த நிறுவனம், எந்தப் பேட்டை என்பது இதற்குத் தேவையில்லை.

முதலில் ஒன்று. இந்த வழக்கில் ரூபாயைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் முடிவே கிடையாது. "இவ்வளவு எப்படி வரும்?" என்று நாம் கேட்போம், "ஏ.ஸி. போட்டீர்களே" என்று அவர் சொல்வார். யூனிட்டைப் பற்றிப் பேசினால்தான் வழி பிறக்கும். நீங்கள் குடிவந்த அன்று மீட்டர் எவ்வளவு காட்டியது, காலி செய்த அன்று எவ்வளவு காட்டியது: இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் உள்ளதுதான் உங்கள் கணக்கு. அதற்குமேல் ஓடியதெல்லாம் வேறொருவருடையது.

தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே பல பத்தாண்டுகளாக இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கீட்டாளர் வந்து, வீட்டில் தொங்கும் வெள்ளை அட்டையில் ரீடிங்கை எழுதிவிட்டுப் போவார். அந்த அட்டை வீட்டில் குடியிருப்பவர் கண்ணெதிரிலேயே இருக்கும். தில்லியில் அப்படி ஓர் அட்டை இல்லை. 'டெசு' காலத்திலும் இல்லை, 1997-க்குப் பின் வந்த வித்யுத் போர்டு காலத்திலும் இல்லை, 2002 ஜூலையில் விநியோகம் தனியார் கைக்குப் போன பிறகும் இல்லை. இப்போது பில் வீட்டுக்காரரின் போனுக்குப் போகிறது. அவர் தொகையை மட்டும் நமக்குச் சொல்கிறார். ரீடிங் என்ன என்று அவரும் பார்ப்பதில்லை, நாமும் கேட்பதில்லை.

என் வீட்டு விவகாரம்

நாங்கள் ஐந்து வருஷம் இருந்த அந்த வீடு முதல் மாடி. மீட்டர்கள் நான்கும் கீழே கார் நிறுத்துமிடத்தில், கம்பிக் கதவுக்குள். சாவி வீட்டுக்காரரிடம். அவர் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், பஞ்சாபிக்காரர். வாடகை விஷயத்தில் கண்டிப்பானவர், ஆனால் அநியாயக்காரர் அல்ல. ரீடிங் எடுக்க வருகிறவர் கதவு பூட்டியிருந்தால் திரும்பிப் போய்விடுவார். முந்தைய சராசரியை வைத்து உத்தேச பில் போடுவார்கள். பில்லில் இதை 'ப்ரோவிஷனல்' என்று சிறிய எழுத்தில் அச்சிடுவார்கள்.

2022 ஜனவரி 5-ஆம் தேதி உண்மையாக எடுத்த ரீடிங் 21,410. அதற்குப் பிறகு பிப்ரவரியிலிருந்து ஜூலை வரை ஆறு பில்லும் உத்தேசமாகவே போட்டார்கள், மாதம் 190 யூனிட் வீதம். தில்லி அரசு 2019 ஆகஸ்டில் கொண்டுவந்த சலுகைப்படி அப்போது 200 யூனிட் வரை கட்டணமே இல்லை. 201 முதல் 400 வரை ஏறக்குறையப் பாதி. (2022 அக்டோபரிலிருந்து அது விண்ணப்பித்தவர்களுக்கு மட்டும் என்று மாறியது.) ஆகவே ஆறு பில்லும் பூஜ்யம். பூஜ்யம் என்று வரும் பில்லை இந்த ஊரில் யார் பிரித்துப் பார்க்கிறார்கள்? வீட்டுக்காரர் மாதாமாதம் சந்தோஷமாக "ஜீரோ" என்று ஒரு வரி அனுப்புவார்.

மே 31-ஆம் தேதி நாங்கள் காலி செய்தோம். அன்று மீட்டர் காட்டியது 22,846. அதைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கும், கன்ஸ்யூமர் எண்ணைக் குறிப்பிட்டு நிறுவனத்தின் மின்னஞ்சலுக்கும் அனுப்பினேன். பதில் ஒன்றும் வரவில்லை. ஜூன் 12-ல் அந்த வீட்டுக்கு வேறொரு குடும்பம் வந்தது. இரண்டு ஏ.ஸி., வெயிலும் அந்த வருஷம் கடுமை. ஆகஸ்ட் 5-ஆம் தேதி கதவு திறந்திருந்தது போலும், உண்மையான ரீடிங் எடுத்தார்கள்: 24,650.

ஜனவரிக்கும் ஆகஸ்டுக்கும் இடையில் ஓடியது 3,240 யூனிட். அதில் உத்தேசமாகக் கணக்கிட்ட 1,140-ஐக் கழித்தால் 2,100. அந்த 2,100 யூனிட்டையும் ஒரே மாதத்தில் செலவழித்ததாகப் போட்டு பில் வந்துவிட்டது. அப்போதைய கட்டணம் முதல் 200 யூனிட்டுக்கு 3 ரூபாய், அடுத்த 200-க்கு 4.50, அதற்கடுத்த 400-க்கு 6.50, பிறகு 400-க்கு 7, 1,200-க்கு மேல் 8 ரூபாய். அதன்படி யூனிட் கட்டணம் மட்டும் 14,100 ரூபாய். நிலைக் கட்டணம், சர்சார்ஜ், வரி எல்லாம் சேர்த்து 19,460. புதிதாக வந்தவர்கள் "நாங்கள் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை" என்று சொல்லிவிட்டார்கள். பாக்கி என்றால் பழைய குடித்தனக்காரருடையதுதானே என்று வீட்டுக்காரரும் முடிவு செய்தார். எங்கள் அட்வான்ஸ் 25,000. அதில் பில்லைக் கழித்துக்கொண்டு 5,540 அனுப்புகிறேன் என்று செய்தி வந்தது. புது வீட்டுக்கு அட்வான்ஸ் கட்டியதிலேயே கை காலியாகியிருந்த சமயம். இரண்டாவது பெண்ணின் கல்லூரிக் கட்டணத்துக்கு அந்த 25,000-ஐத்தான் நம்பியிருந்தோம்.

இதில் வீட்டுக்காரரின் பயத்தையும் நாம் புரிந்துகொள்ள வேண்டும். நிறுவனத்துக்கு நம்மைத் தெரியாது. அதற்குத் தெரிந்தது இணைப்பும் அந்த இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரும்தான். பணம் வராவிட்டால் வெட்டப்படுவது அவர் வீட்டுக் கம்பி. பாக்கி வீட்டோடு ஒட்டிக்கொள்ளும். வீட்டை வாங்குகிற புது உரிமையாளரிடமே பழைய பாக்கியைக் கேட்க ஒழுங்குமுறை விதிகள் இடம் தரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023 மே மாதம் கேரள மின்வாரிய வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆகவே வீட்டுக்காரர் அட்வான்ஸைப் பிடித்துக்கொள்வதில் கொஞ்சம் நியாயம் உண்டு. அவரோடு சண்டை போடுவதைவிட அவரைக் கூட்டாளியாக்கிக்கொண்டு நிறுவனத்திடம் போவதே உத்தமம். கவுன்டரில் அவர் கையெழுத்து இல்லாமல் மனுவை வாங்க மாட்டார்கள் என்பது இன்னொரு காரணம். மின்சாரச் சட்டம் 2003 'நுகர்வோர்' என்பதற்கு விரிவான பொருளே தருகிறது: தன் உபயோகத்துக்கு மின்சாரம் பெறுகிறவர் எல்லாரும் அதில் அடங்குவார்கள். ஆனால் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரிடம் சட்ட விளக்கம் எடுபடாது. வீட்டுக்காரரிடம் ஒரு அதிகாரக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் செய்தது இதுதான். அரைப் பக்கத்தில் ஒரு கணக்கு எழுதினேன். ஜனவரி 5, மே 31, ஆகஸ்ட் 5: மூன்று தேதி, மூன்று எண். எங்கள் பங்கு 1,436 யூனிட். எங்களுக்குப் பின் 1,804 யூனிட். "உங்கள் வீட்டில் இப்போது இருப்பவர்களிடம் எங்கள் யூனிட்டை வசூலிக்காதீர்கள், எங்களிடம் அவர்கள் யூனிட்டை வசூலிக்காதீர்கள்" என்று கீழே ஒரு வரி. மனிதர் வங்கிக்காரர் அல்லவா, கணக்கைப் பார்த்ததும் சமாதானமாகிவிட்டார். (மே 31-க்கும் ஜூன் 12-க்கும் நடுவில் அவரே ஆள் வைத்து வெள்ளையடித்தார், அந்த நாட்களின் யூனிட் யாருடையது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.) இருவருமாக நிறுவன அலுவலகத்துக்குப் போனோம்.

மீட்டருக்கு ஞாபகம் உண்டு

அலுவலகத்தில் முதலில் செய்த திருத்தம் வேடிக்கையானது. ஒரே மாதத்தில் போட்டது தவறுதான் என்று ஒப்புக்கொண்டு, 3,240 யூனிட்டை ஏழு மாதத்துக்கும் சமமாகப் பங்கிட்டார்கள். மாதம் 463 ஆயிற்று. ஆனால் 400-ஐத் தாண்டிவிட்டதால் எந்த மாதத்துக்கும் சலுகை இல்லை! மொத்தத் தொகை ஏறக்குறைய பழைய இடத்துக்கே வந்து நின்றது. பனிக்காலத்தில் மின்விசிறிகூடப் போடாத பிப்ரவரியும், இரண்டு ஏ.ஸி. ஓடிய ஜூலையும் ஒரே அளவா என்று கேட்டதற்கு, "மாதவாரி ரீடிங் எங்களிடம் இல்லையே" என்றார்கள்.

அவர்களிடம் இல்லை, மீட்டரிடம் இருந்தது. இதைத்தான் அன்பர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். இப்போதுள்ள மின்னணு மீட்டர்கள் பெரும்பாலானவை ஒவ்வொரு மாதமும் ஒரு குறிப்பிட்ட நாளில் அன்றைய ரீடிங்கைத் தமக்குள்ளேயே பதித்து வைத்துக்கொள்ளும். கடந்த பல மாதங்களின் அளவு அதில் இருக்கும். நிறுவனத்தின் ஆள் ஒரு சிறு கருவியை மீட்டரின் முன்பக்கத்தில் வைத்து அந்த விவரத்தை இறக்கிக்கொள்ள முடியும். நாம் எழுத்து மூலம் கேட்டால்தான் செய்வார்கள். தாமதித்தால் பழைய மாதங்கள் அழிந்து புதியவை அந்த இடத்தில் ஏறிவிடும். ஆகவே, காலி செய்த அன்று படம் எடுக்க முடியாமல் போனவர்களுக்கும்கூட வழி இருக்கிறது. சீக்கிரம் கேட்க வேண்டும், அவ்வளவுதான். "தயவுசெய்து மீட்டரின் நினைவகத்திலிருந்து மாதவாரி ரீடிங்கை இறக்கி, அதன் நகலை எங்களுக்குத் தரவும்" என்று மனுவில் தனி வரியாக எழுதுங்கள்.

இதை நான் கேட்டபோது அலுவலகத்தில் அசையவில்லை. நிறுவனத்தின் குறைதீர் மன்றத்துக்கு மனு எழுதினோம். அங்கே உத்தரவானது, விவரத்தை இறக்கினார்கள். ஜூன் 1-ஆம் தேதி நள்ளிரவில் மீட்டர் பதித்து வைத்திருந்த எண்ணும் நான் மே 31 காலை எடுத்த படத்திலிருந்த எண்ணும் ஒன்றுக்கொன்று பொருந்தின. அதுமட்டுமல்ல, என் மனைவிக்கு ஒரு பழக்கம்: திருச்சியில் அம்மா வீட்டில் வெள்ளை அட்டை பார்த்து வளர்ந்தவள் ஆதலால், சங்கம் தரும் மாதக் காலண்டரில் 1-ஆம் தேதிக் கட்டத்துக்குள் ரீடிங்கைப் பென்சிலால் குறித்து வைப்பாள். ஜனவரி மிச்சத்தில் 210, பிப்ரவரி 190, மார்ச் 196, ஏப்ரல் 340, மே 500. மீட்டர் சொன்னதற்கும் காலண்டர் சொன்னதற்கும் ஒன்றிரண்டு யூனிட்கூட வித்தியாசமில்லை. மன்றத்தில் உட்கார்ந்திருந்தவர் காலண்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிள்ளையார் படம் போட்ட காலண்டர் ஒரு வழக்கில் சாட்சியாக வந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

மாதவாரிப் பிரித்ததும் பிப்ரவரி, மார்ச் இரண்டும் 200-க்குள், கட்டணமில்லை. ஜனவரியும் ஏப்ரலும் 400-க்குள், சலுகை கிடைத்தது. மே மாதம் மட்டும் முழுக் கட்டணம். எங்கள் பங்கு எல்லாம் சேர்த்து 4,730 ரூபாய். நவம்பர் மாதம் 20,270 ரூபாய் திரும்பி வந்தது. கல்லூரிக் கட்டணத்தை அதற்குள் கைமாற்று வாங்கிக் கட்டியிருந்தோம் என்பது வேறு விஷயம்.

சட்டம் என்ன சொல்கிறது

எல்லா மாநிலத்துக்கும் பொதுவானது மின்சாரச் சட்டம் 2003. அதன் கீழ் மத்திய அரசு 2020 டிசம்பர் 31-ல் வெளியிட்ட நுகர்வோர் உரிமை விதிகள் வாடகைக் குடித்தனக்காரர்களுக்கு நல்ல ஆயுதம். உத்தேச பில் ஒரு நிதியாண்டில் இரண்டுக்கு மேல் போடக் கூடாது. அதற்குமேல் தொடர்ந்தால், உண்மை ரீடிங்கின்படி பில் வரும்வரை பணம் கட்ட மறுக்கலாம். எங்கள் வீட்டில் ஏப்ரலிலிருந்து ஜூலை வரையிலேயே நான்கு போட்டிருந்தார்கள். ரீடிங் எடுக்க முடியாதபோது நுகர்வோர் தாமே மீட்டரைப் படம் எடுத்து, தேதியுடன், பதிவு செய்த கைப்பேசி அல்லது மின்னஞ்சல் வழியாக அனுப்பலாம் என்றும் விதி சொல்கிறது. 'பதிவு செய்த' என்பதைக் கவனியுங்கள். பதிவு வீட்டுக்காரர் பெயரில் என்றால் அவர் போனிலிருந்தும் ஒருமுறை அனுப்பச் சொல்வது நல்லது.

வீட்டைக் காலி செய்யும்போதும் ஆள் மாறும்போதும் தனியாக ரீடிங் எடுத்து, அந்த நாள் வரைக்குமான இறுதி பில் தர வேண்டும். பணம் கட்டியபின் பாக்கியில்லை என்று சான்றிதழ் தர வேண்டும். தில்லி ஒழுங்குமுறை ஆணையத்தின் விதித் தொகுப்பிலும் இது இருக்கிறது. இறுதி பில் போட்ட பிறகு அதற்கு முந்தைய காலத்துக்கென்று வேறு பாக்கி எதையும் நிறுவனம் கேட்க முடியாது என்பது இதில் உள்ள பெரிய லாபம். இந்த வசதியைக் கேட்டுப் பெறுகிறவர்கள் மிகக் குறைவு. வீட்டுக்காரர் ஒரு வாரம் முன்னதாக மனு கொடுத்தால் போதும்.

இணைப்பை வெட்ட வேண்டுமானால் 15 முழு நாட்கள் முன்னதாக எழுத்து மூலம் நோட்டீஸ் தர வேண்டும் என்கிறது 56-ஆவது பிரிவு. பில்லில் தகராறு இருந்தால், கேட்ட தொகை அல்லது முந்தைய ஆறு மாதத்தின் சராசரி, இரண்டில் எது குறைவோ அதை ஆட்சேபத்துடன் கட்டிவிட்டால் வழக்கு முடியும்வரை வெட்ட முடியாது. எங்கள் ஆறு மாத சராசரி பூஜ்யம் என்று நான் சொன்னபோது கவுன்டரில் இருந்த பெண் சிரித்துவிட்டாள். வீட்டுக்காரர் தம் நிம்மதிக்காக 5,000 ரூபாய் கட்டி, ரசீதில் 'ஆட்சேபத்துடன்' என்று எழுதி வாங்கிக்கொண்டார். பிறகு அது கணக்கில் கழிந்தது.

அதே 56-ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு பழைய பாக்கிக்கு வரம்பு வைக்கிறது: ஒரு தொகை முதன்முதலில் செலுத்த வேண்டியதாகி இரண்டு வருஷம் கடந்துவிட்டால், இடைவிடாமல் பாக்கி என்று பில்லில் காட்டிவந்தாலொழிய வசூலிக்க முடியாது. ஆனால் இதை நம்பி அசட்டையாக இருக்க வேண்டாம். இந்த இரண்டு வருஷம் மின்சாரம் செலவான நாளிலிருந்து அல்ல, அதற்கான பில் போட்ட நாளிலிருந்து ஆரம்பிக்கிறது என்று 2020 பிப்ரவரியில் ராஜஸ்தான் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வரம்பு கடந்த பிறகு இணைப்பை வெட்டத்தான் முடியாதே தவிர, வேறு வழியில் வசூலிக்க முயலலாம் என்றும் அதில் சொல்லியிருக்கிறார்கள். மூன்று வருஷம் முன்பு நீங்கள் இருந்த வீட்டுக்கு இன்று புதிதாக ஒரு பில் வருவது சட்டப்படி நடக்கக்கூடியதே.

மனுவின் படிகள் எளியவை. முதலில் அந்தப் பகுதி அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார். புகார் எண்ணை வாங்காமல் வரக்கூடாது. அங்கே தீராவிட்டால் 42-ஆவது பிரிவின்படி ஒவ்வொரு விநியோக நிறுவனத்துக்கும் உள்ள குறைதீர் மன்றம். அதற்கும் மேல் மின் ஆம்பட்ஸ்மன். மன்றத்துக்கு வக்கீல் தேவையில்லை. நம்மவர்கள் பலர் ஹிந்தி சரளமில்லை என்று தயங்குகிறார்கள். என் ஹிந்தி முப்பது வருஷமாகியும் கரோல் பாக் காய்கறிக் கடை ஹிந்திதான். எண்களை ஒரு தாளில் வரிசையாக எழுதி, பில் நகல்களையும் படத்தையும் பின்னால் கோர்த்துக் கொடுத்துவிட்டால் பேச வேண்டியது அதிகமில்லை.

திருட்டு, முறையற்ற உபயோகம் என்று சொல்லி 126 அல்லது 135-ஆம் பிரிவில் நோட்டீஸ் வந்தால் அது வேறு பாதை. அதற்கு மட்டும் வக்கீலைப் பாருங்கள். நுகர்வோர் ஆணையமும் அதில் தலையிடாது என்று 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சப்-மீட்டர் தொல்லை

முனீர்கா, லக்ஷ்மி நகர், முகர்ஜி நகர் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கும் நம் பிள்ளைகளின் பிரச்சினை முற்றிலும் வேறு. அங்கே கட்டிடம் முழுவதற்கும் ஒரு மீட்டர். அறைக்கு அறை வீட்டுக்காரர் தாமே கடையில் வாங்கி மாட்டிய சப்-மீட்டர். யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று அவர் வைப்பதுதான் விலை. இந்த சப்-மீட்டருக்கும் நிறுவனத்துக்கும் சம்பந்தமில்லை. குறைதீர் மன்றம் இதை விசாரிக்காது. இங்கே உங்களுக்குத் துணை வாடகை ஒப்பந்தம் ஒன்றுதான். யூனிட்டுக்கு என்ன விலை, குடிவந்த நாளின் ரீடிங் என்ன என்ற இரண்டையும் ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். 2019 செப்டம்பரில் தில்லி அரசு வாடகைதாரர் தம் பெயரிலேயே ப்ரீபெய்ட் மீட்டர் பெறும் திட்டத்தை அறிவித்தது இந்தத் தொல்லைக்காகத்தான். மின்சாரம் அடிப்படைத் தேவை என்றும், வீட்டுக்காரர் சம்மதக் கடிதம் தரவில்லை என்பதற்காகக் குடித்தனக்காரருக்கு மறுக்க முடியாது என்றும் உச்ச நீதிமன்றம் 2022-ல் சொன்னதையும் பிள்ளைகள் தெரிந்து வைத்திருக்கட்டும்.

இணைப்பு உங்கள் பெயரிலேயே இருந்தால் நிலைமை தலைகீழ். மூடாமல் போனால் அடுத்து வருகிறவர் செலவழிப்பதெல்லாம் உங்கள் பெயரில் ஏறும். மனு கொடுத்து இறுதி பில்லைக் கட்டி, இணைப்புக்குக் கட்டிய டெபாசிட்டை வட்டியுடன் கேட்டு வாங்குங்கள். அந்த வட்டி சட்டத்தின் 47-ஆவது பிரிவில் இருக்கிறது.

காலி செய்யும் வாரத்தில்

படம் எடுப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மின்னணு மீட்டரின் திரையில் எண்கள் மாறி மாறி ஓடும்: வோல்ட், அதிகபட்ச லோடு, நேரம், தேதி. அவசரத்தில் எதையோ படம் எடுத்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. நமக்கு வேண்டியது 'கே.டபிள்யூ.எச்.' என்று அருகில் வரும் எண். மீட்டரின் தொடர் எண்ணும் அதே படத்தில் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் அது பக்கத்து வீட்டு மீட்டர் என்று சொல்லிவிடுவார்கள். அரை நிமிஷ வீடியோ எடுத்தால் இந்தக் கவலையே இல்லை.

பக்கத்து வீட்டு மீட்டர் என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரே பலகையில் நான்கைந்து மீட்டர் இருக்கும் கட்டிடங்களில் கம்பிகள் மாறிப் போயிருப்பது அபூர்வமல்ல. உங்கள் வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஒருவர் கீழே போய் நின்று பாருங்கள். உங்கள் மீட்டரில் மினுக்கும் சிவப்பு விளக்கு நின்றுவிட வேண்டும். நிற்காமல் மினுக்கினால் வேறு யாரோ உங்கள் கணக்கில் இருக்கிறார்கள். பெரும்பாலும் அது மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாராக இருக்கும். எங்கள் சங்கத்து அன்பர் ஒருவர் நான்கு குடும்பத்துக்குமான மோட்டாரை மூன்று வருஷம் தனி ஆளாக ஓட்டியிருக்கிறார். இதைக் காலி செய்யும்போது பார்ப்பதைவிடக் குடிபோகும்போதே பார்ப்பது நல்லது.

ஊரை விட்டே போனவர்கள்

சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விட்டவர்களிடம் தில்லி வீட்டுக்காரர் போனில் பணம் கேட்டால், உடனே அனுப்பவும் வேண்டாம், உடனே மறுக்கவும் வேண்டாம். பில்லின் எல்லாப் பக்கங்களையும் அனுப்பச் சொல்லுங்கள். தொகை இருக்கும் முதல் பக்கத்தின் படம் மட்டும் போதாது. அதில் மூன்றைப் பாருங்கள்: மீட்டர் எண் நீங்கள் இருந்த வீட்டினுடையதா, இதற்கு முன் உண்மையாக எடுத்த ரீடிங் எந்தத் தேதி, 'பாக்கி' என்று காட்டியிருப்பது எந்த மாதத்தினுடையது. பாதித் தகராறு இங்கேயே தீர்ந்துவிடும்.

நிறுவனத்தின் மேல் சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்துக்குப் போக நேர்ந்தால், தில்லிக்கு ரயில் ஏற வேண்டியதில்லை. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, புகார் செய்கிறவர் எங்கே வசிக்கிறாரோ அந்த மாவட்ட ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். அது 2020 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. செலுத்திய தொகை 5 லட்சம் வரை மனுக் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்து இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். ஆனால் வீட்டுக்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தரவில்லை என்பதை அங்கே கொண்டுபோக முடியாது. அது சிவில் கோர்ட் விஷயம், அதுவும் அந்த ஊர்க் கோர்ட். இருபதாயிரம் ரூபாய்க்காக யாரும் அந்த வழியில் போவதில்லை என்பது வீட்டுக்காரர்களுக்கும் தெரியும். எனவேதான், சாவியைக் கொடுக்கும் அன்றே ஒரு தாளில் தேதி, மீட்டர் எண், ரீடிங், பிடித்துவைத்திருக்கும் அட்வான்ஸ் தொகை நான்கையும் எழுதி, அவர் ஒரு கையெழுத்து, நீங்கள் ஒரு கையெழுத்து, ஆளுக்கு ஒரு நகல் என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். எங்கள் இப்போதைய வீட்டுக்காரரிடம் குடிவந்த அன்றே அப்படி ஒரு தாள் வாங்கிவிட்டோம். "மதராஸிகள் எல்லாரும் இப்படித்தானா?" என்று கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.